சாசரின் சீட்டுக்காரன் தன் குட்டைத் தானே ஏன் உடைக்கிறான்?

கொட்டகலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பேராதனையில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். லீவுக்கு வீட்டுக்கு வந்த இடத்தில், 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கான்டர்பரி கதைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், கான்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்கள் வழியில் ஆளுக்கொரு கதை சொல்கிற நூல். அதில் பாவமன்னிப்புச் சீட்டு விற்கிற ஒருவன் வருகிறானே, பன்றி எலும்பைப் புனிதர் எலும்பு என்கிறான், தலையணை உறையைக் காட்டி மாதாவின் முக்காடு என்கிறான். சரி, ஏமாற்றுக்காரன். ஆனால் ஊரை எப்படி ஏமாற்றுகிறேன் என்று கூட வரும் யாத்திரிகர்களிடம் அவனே பெருமையாக விளக்கிவிட்டு, பேராசை கூடாது என்று ஒரு கதையும் சொல்லி முடித்து, அதே ஆட்களிடம் இந்தப் புனிதப் பொருட்களை வந்து முத்தமிட்டுக் காசு போடுங்கள் என்கிறான். இது என்ன கூத்து? சாசர் மதத்தையே எதிர்த்தாரா? தமிழ்ப் பக்கம் இப்படிப் பழையது ஏதாவது இருக்கிறதா?

பதுளை மாஸ்டர்:
தங்கச்சி, அவன் முன்னுரையில் ஓர் இடத்தைத் திரும்ப வாசியுங்கள். கோயிலில் கூட்டத்தைப் பார்த்து, வெளியில் சொல்ல முடியாத பாவம் செய்தவர்களும் புருஷனுக்குத் துரோகம் செய்த பெண்களும் இங்கே காணிக்கை வைக்க முடியாது, அந்த அருள் அவர்களுக்குக் கிடையாது என்பான். அப்புறம் எவள் எழும்பாமல் உட்கார்ந்திருப்பாள்? நம்ம தோட்டத்துத் திருவிழாவில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிக்கிற மாதிரிதான், கொடுக்காதவன் பெயரைச் சொல்லவே தேவையில்லை. பக்தியை விட இந்த வெட்கத்தில்தான் அவனுக்கு வருமானம். வருடத்துக்கு 100 மார்க் என்று அவனே சொல்கிறான். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ், ஆக 66 பவுணுக்கு மேல், அந்தக் காலத்தில் பெரிய காசு. என்னைக் கேட்டால் சாசர் குத்துவது அவனை மட்டுமில்லை, வரிசையில் நிற்கிறவர்களையும்தான்.

லயத்து வாசகன்:
மாஸ்டர் சொல்வது சரி, ஆனால் "மதத்தையே எதிர்த்தாரா" என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வேன். அதே கூட்டத்தில் ஓர் ஏழைப் பங்குத்தந்தையும் வருகிறார். மழையிலும் இடியிலும் ஊன்றுகோலோடு நடந்தே வீடு வீடாகப் போகிறவர், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, திருச்சபைக்கு) கட்டாதவர்களைச் சபிக்க மனம் வராதவர், பொன்னே துருப்பிடித்தால் இரும்பு என்ன செய்யும் என்று கேட்கிறவர். அவரைச் சாசர் ஒரு சொல் கூடக் கேலி செய்யவில்லை. இன்னொன்று, 1378இலிருந்து ஒரே நேரத்தில் ரோமில் ஒரு பாப்பரசர், பிரான்ஸ் பக்கம் அவிஞ்ஞோனில் இன்னொருவர். சீட்டில் எந்தப் பாப்பரசரின் முத்திரை நிஜம் என்று மேலேயே சண்டை நடக்கும்போது, கீழே பை நிறையச் சீட்டோடு திரிகிறவனுக்கு என்ன குறை!

நானுஓயா வாசி:
பழையது கேட்டீர்களே, சாசருக்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே காஞ்சியில் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற கேலி நாடகம். எழுதியது சமஸ்கிருதத்தில், ஆனால் கதை நடப்பது காஞ்சித் தெருவில். குடிவெறியில் ஒரு காபாலிகன் (மண்டையோட்டில் பிச்சை வாங்கும் சைவத் துறவி) தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு அந்த வழியே வந்த புத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். எடுத்ததோ நாய், அதில் இறைச்சி இருந்ததால். எனக்குப் பிடித்த இடம் பிக்கு தனியாக யோசிப்பது. நல்ல கட்டில், நல்ல சாப்பாடு எல்லாம் அனுமதித்த புத்தர் மதுவையும் பெண்ணையும் மட்டும் அனுமதிக்காமல் விட்டிருப்பாரா, கிழட்டுப் பிக்குகள்தான் அந்தப் பக்கத்தை ஒளித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுகிறான். வழக்குக்குப் போகலாம் என்றால், விகாரைகளின் சொத்தை வைத்திருக்கும் இந்தப் பிக்கு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான் என்கிறாள் காபாலிகனின் துணைவி. பௌத்தர்கள் அதிகமுள்ள இலங்கையில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், காபாலிகனும் நடுவில் பஞ்சாயத்துக்கு வரும் பாசுபதனும் (இன்னொரு சைவப் பிரிவுத் துறவி) அதே அளவுக்கு அடி வாங்குகிறார்கள். எழுதிய ராசாவே சிவபக்தன்.

கண்டி அக்கா:
சிவவாக்கியரை விட்டுவிட்டீர்களே? "நட்ட கல்லைத் தெய்வமென்று..."

நானுஓயா வாசி:
அக்கா, அது நேரடியாகத் திட்டுவது. இங்கே கள்ளனையே பேசவிட்டு அவன் வாயாலேயே மாட்ட வைக்கிறார்கள், அது வேறு வித்தை.

கொட்டகலைக்காரி:
இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. ஆனால் கடைசியில் யாத்திரிகர்களை வழிநடத்தும் விடுதிக்காரர் சீட்டுக்காரனைக் கண்டபடி ஏசுகிறார், அப்புறம் கூட வரும் நைட் (குதிரைப் போர்வீரர்) இரண்டு பேரையும் ஒருவரையொருவர் முத்தமிடச் சொல்லிச் சமாதானமாக வைக்கிறார். அவ்வளவுதானா?

பதுளை மாஸ்டர்:
அவ்வளவுதான், அவனும் கூடவே வருகிறான், சீட்டுப் பையும் அவன் மடியிலேயே இருக்கிறது. பரீட்சைப் பேப்பரில் சாசரின் நோக்கம் பற்றிக் கேட்டால் இதை எழுதுங்கள், பங்குத்தந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக்காரனை மட்டும் வைத்து எழுதினால் விடை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.