இரண்டு கைக்கும் ஒரே எண் வருகிறது: கோளாறு போனிலா, அம்மா கையிலா?

ரங்கூன் பூக்கடை
வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. விரல் மரத்துப்போகிறது என்று சொன்னதால், பிசியோதெரபிஸ்ட் ஒரு விரல் தட்டும் செயலியைப் போனில் போட்டுத் தந்தார். ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மாற்றி மாற்றி 20 விநாடி தட்ட வேண்டும். வலக்கை, இடக்கை எதுவானாலும் எண் நாற்பதை ஒட்டியே நிற்கிறது. தங்கச்சி போனில் வலக்கை எண்பதைத் தொடுகிறது! மல்லிகைச் சரமோ இன்றும் மளமளவென்று கட்டுகிறார். எதை நம்புவது?

மோல்மேன் ரேடியோ
இரண்டு கையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது தம்பி. அந்தப் போனில் நீங்களே தட்டிப் பாருங்கள். உங்களுக்கும் நாற்பதுதான் என்றால் அம்மா கையைக் குறை சொல்ல வேண்டாம். சாம்சங் போன்களின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குள், அடுத்தடுத்து விழும் தொடுதலைக் கணக்கில் எடுக்காத அமைப்பு ஒன்று உண்டு. கை நடுங்குபவர்களுக்காக வைத்தது. அதில் அரை விநாடி என்று இருந்தால் 20 விநாடிக்கு நாற்பதைத் தாண்டாது.

தாமுவே அக்கா
கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது சார்ஜரில் மாட்டிக்கொண்டு தட்டாதீர்கள். மட்டமான சார்ஜராக இருந்தால் திரை தானாகவே தட்டிக்கொள்ளும், இல்லையென்றால் தட்டியது பதியாது. வயதானவர்களுக்கு விரல் நுனி காய்ந்திருக்கும், அதுவும் சரியாகப் பதியாது. தனக்கா என்ற பர்மிய மரப்பட்டைக் குழம்பைப் பூசிய கையென்றால் கழுவித் துடைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

ரங்கூன் பூக்கடை
ரேடியோ அண்ணே, அதேதான்! எனக்கும் நாற்பது. அண்ணன் மகன் எப்போதோ அந்த அமைப்பைப் போட்டுவைத்திருக்கிறான். எடுத்ததும் வலக்கை எண்பதுக்குப் பக்கம், இடக்கை கொஞ்சம் குறைவு. அப்படியானால் கை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கைவைத்தியம் பிசியோ
அவசரப்பட வேண்டாம். 2015இல் வந்த எம்பவர் என்ற பார்கின்சன் (நடுக்குவாத நோய்) ஆய்வுச் செயலியிலும் இந்தத் தட்டல் இருந்தது, நல்ல சோதனைதான். ஆனால் அது வேகத்தைத்தான் எண்ணும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்லி டாக்டர் பார்ப்பது வேறு: போகப் போக விரல் விரிவது சுருங்குகிறதா என்று. கண்ணாடித் திரைக்கு அது தெரியாது. மரத்துப்போவதும் தெரியாது. அம்மா சொன்ன குறையே அதுதான், ஆகவே நரம்பும் சர்க்கரையும் பார்க்க டாக்டரிடம் போங்கள். திடீரென்று ஒரு கை மட்டும் சோர்ந்தால், பேச்சு குழறினால், செயலியைத் திறக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

பிடித்து எடுக்கும் திறனுக்கு ஒன்பது குச்சிச் சோதனை உண்டு. குச்சிகளை ஒவ்வொன்றாகத் துளையில் செருகி, திரும்ப எடுக்க ஆகும் நேரத்தைப் பார்ப்பது. போனை ஸ்டாப்வாட்சாக வைத்துக்கொள்ளலாம்.

ரங்கூன் பூக்கடை
பலகையை ஆசாரியிடம் செய்துகொள்ளலாமா?

கைவைத்தியம் பிசியோ
தாராளமாக. ஆனால் அளவு மாறினால் வயதுவாரியாகச் சராசரி நேரம் போட்ட புத்தக அட்டவணையோடு ஒப்பிடக் கூடாது. அம்மாவின் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். முதல் சில தடவை பழக்கத்தாலேயே வேகம் கூடும், அதை விட்டுவிட்டுக் குறித்துவையுங்கள்.