பெரிய இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைக்கும், கிரிக்கெட் என்ன ஆகும்?

என் மகனுக்கு 17 வயது, ஆஃப் ஸ்பின்னர். சென்னை லீக்கில் மூன்றாம் டிவிஷன் ஆடுகிறான். பந்தைச் சுழற்றிச் சுழற்றி ஆள்காட்டி விரல் காய்த்துப்போயிருக்கிறது. கட் ஆஃப் 196. பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்துவிடும். ஆனால் அங்கே 75 சதவீத வருகை கட்டாயம், லீக் ஆட்டங்களோ வார நாட்களிலும் வருகின்றன.

உடற்கல்வி இயக்குநரை நேரில் பார்த்தேன். பல்கலைக்கழகப் போட்டிக்கு மட்டும்தான் ஓ.டி. (ஆன் டியூட்டி, வராத நாளையும் வருகையாகக் கணக்கிடுவது) தருவார்களாம், லீக்குக்குக் கிடையாது. கோச் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்க்கச் சொல்கிறார். மகனோ இன்ஜினியரிங், கிரிக்கெட் இரண்டையும் விட மாட்டேன் என்கிறான்.

வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர்கள். கும்ப்ளே மெக்கானிக்கல், அஸ்வின் ஐ.டி. அதை நினைத்துத்தான் தைரியம் சொல்லிக்கொள்கிறேன். சரி, ஜெயித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும். இரண்டாம் வருடத்தில் அரியர் விழுந்து கிட் பேக்கைப் பரணில் ஏற்றிய பையன்கள் எத்தனை பேரோ. அந்தப் பயம்தான் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமைக்குள் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும்.

சமீப வருடங்களில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே டிவிஷன் லீக் ஆடியவர்களோ அவர்களின் பெற்றோரோ இங்கே இருந்தால் சொல்லுங்கள்: லீக் ஆட்ட நாட்களின் வருகைப்பதிவை எப்படிச் சமாளித்தீர்கள்?