ஜெர்மனி பள்ளிகளில் நலக்கல்வித் திட்ட மதிப்பீடு: 6 பள்ளி, 300 மாணவர் போதுமா?

தேன்சிட்டு:
ஜெர்மனியில் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கான (13 வயது) நலக்கல்வித் திட்டம் ஒன்றை மதிப்பிட வேண்டும். 8 பாடவேளைகள், நடத்துவது வகுப்பாசிரியர். இலக்கு இரண்டு: உடல் செயல்பாடு கூட வேண்டும், சுகாதாரத் தகவலைத் தேடிப் புரிந்து பயன்படுத்தும் திறன் வளர வேண்டும். 6 பள்ளிகள் ஒப்புக்கொண்டுள்ளன. பள்ளிக்கு 2 வகுப்பு, 50 பேர், ஆக 300. குலுக்கல் முறையில் 3 பள்ளிக்குத் திட்டம், 3 பள்ளி ஒப்பீட்டுக்கு. பிப்ரவரியில் முதல் அளவீடு, ஜூனில் அடுத்தது. கருவி எச்எல்எஸ்-இயூ-க்யூ16 (சுகாதாரத் தகவல் திறனை அளக்கும் 16 கேள்விப் படிவம்). பெயர் கேட்காமல் ரகசியக் குறியீட்டால் இரண்டு படிவங்களையும் இணைப்பதாக ஏற்பாடு. மாதிரி அளவுக் கணிப்பான் 300 போதும் என்கிறது. எதையாவது தவறவிடுகிறோமா?

அளவுகோல்:
கணிப்பான் 300 தனித்தனி ஆட்கள் என்று நினைத்துச் சொன்ன பதில் அது. உங்களிடம் இருப்பவை 6 பள்ளிகள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே மைதானம், ஒரே ஆசிரியர், ஒரே சுற்றுப்புறம் என்று ஒன்றுபோல இருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவுதான் ஐசிசி. மாதிரி எத்தனை மடங்கு பெருக வேண்டும் என்பதற்கான சூத்திரம்: 1 + (பள்ளிக்கு எத்தனை பேர் − 1) × ஐசிசி.

ஐசிசி 0.02 என்றால் 1 + 49 × 0.02 = 1.98. உங்கள் 300 பேர் சுமார் 152 பேருக்குத்தான் சமம். 0.05 என்றால் 3.45, 300 பேர் 87 ஆகச் சுருங்கும். பள்ளிக்குள் ஆட்களைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. ஐசிசி 0.05 இருக்கும்போது ஒரு பள்ளியில் ஆயிரம் பேரை அளந்தாலும் அது 20 தனி ஆட்களுக்கு மேல் தகவல் தராது (1 ÷ 0.05). அதே 300 பேரை 12 பள்ளிகளில் 25, 25 பேராக எடுத்தால் 136 பேருக்குச் சமம். படிவச் செலவு ஒன்றுதான், பலன் ஒன்றரை மடங்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 6 பள்ளிகளை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிகளே உண்டு. குலுக்கலை அடிப்படையாகக் கொண்ட சோதனையில், திட்டப் பள்ளிகள் மூன்றும் ஒப்பீட்டுப் பள்ளிகள் மூன்றையும் முழுக்க மிஞ்சினாலும் இருபக்க பி மதிப்பு (திட்டத்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 2/20 = 0.10க்குக் கீழே இறங்காது. ஆக, வழக்கமாக ஏற்கப்படும் 0.05 என்ற வரம்பை எட்ட இந்த வடிவமைப்புக்கு வழியே இல்லை. நான்குக்கு நான்கு என்றால் 70 வழிகள், 2/70 = 0.029. பக்கத்துக்கு 4 கொத்தாவது (இங்கே கொத்து என்பது பள்ளி) வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வடகாற்று:
கணக்கு சரிதான், கருவியையும் மாற்ற வேண்டியிருக்கும். எச்எல்எஸ்-இயூ வரிசைக் கேள்விகள் பெரியவர்களுக்காக உருவாக்கப்பட்டவை. 2011இல் 8 நாடுகளில் நடந்த ஐரோப்பியக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. மருத்துவர் சொன்ன சிகிச்சையின் நன்மை தீமையை எடைபோடுவது எவ்வளவு எளிது என்று 13 வயதுப் பிள்ளையைக் கேட்டால், அம்மா முடிவெடுக்கும் விஷயத்துக்கு அது ஊகித்து ஒரு கட்டத்தை டிக் செய்யும். அந்த வயதுக்கு எச்எல்எஸ்ஏசி என்ற, பள்ளிப் பிள்ளைகளின் சுகாதாரத் தகவல் திறனை அளக்கும் படிவம் இருக்கிறது. பின்லாந்தில் உருவானது, 10 கேள்விகள், மதிப்பெண் 10 முதல் 40 வரை. உடல் செயல்பாட்டுக்கு எச்பிஎஸ்சி (பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலப் பழக்கங்கள் பற்றிய பன்னாட்டு ஆய்வு) கணக்கெடுப்பின் கேள்வியை வார்த்தை மாற்றாமல் எடுங்கள்: கடந்த 7 நாட்களில் மொத்தம் 60 நிமிடமாவது உடலை இயக்கிய நாட்கள் எத்தனை? 4 ஆண்டுக்கு ஒருமுறை 11, 13, 15 வயதினரிடம் கேட்கப்படுவதால் ஒப்பிட எண்கள் தயாராகக் கிடைக்கும்.

பிப்ரவரி–ஜூன் இடைவெளி எனக்கு உறுத்துகிறது. குளிரில் வீட்டுக்குள் இருந்த பிள்ளை ஜூனில் சைக்கிளோடு வெளியில்தான் இருக்கும். ஒப்பீட்டுப் பள்ளி இருப்பதால் பருவ மாற்றம் கழிந்துவிடும் என்பது பாதி உண்மை. எல்லாரும் 5, 6 நாள் என்று நிரப்பும் மாதத்தில் திட்டத்தால் உயர இடமே இருக்காது. முடிந்தால் அடுத்த பிப்ரவரியிலும் அளந்துவிடுங்கள். எப்போது அளந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும்.

ரகசியக் குறியீடு மிகப் பலவீனமான கண்ணி. "அப்பா பெயரின் முதல் மூன்று எழுத்து" என்று கேட்டால் ஒரே பிள்ளை முதலில் ஜூர்கன் மாதிரிப் பெயரில் புள்ளி வைத்த யூ போடும், நான்கு மாதம் கழித்து யூ, இ என்று இரண்டாக எழுதும். அரபு, உக்ரைனியப் பெயர்களில் எழுத்துக்கூட்டல் இன்னும் மாறும். மாறாத, எண்ணாக எழுதக்கூடியவற்றைக் கேளுங்கள்: பிறந்த தேதியில் நாள் மட்டும், அண்ணன் அக்கா எத்தனை பேர். எழுத்து ஒன்றிரண்டு போதும். 5 உறுப்பு வைத்து, 4 பொருந்தினால் இணைக்கலாம் என்ற விதியைத் தரவு வரும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

பெயர் இல்லை என்பதற்காக ஜிடிபிஆர் (ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) பொருந்தாது என்று நினைத்துவிட வேண்டாம். குறியீட்டால் இணைக்கக்கூடிய தரவு பெரும்பாலும் தனிநபர் தரவாகவே கருதப்படும். உடல்நலத் தகவல் 9ஆம் பிரிவில் சிறப்பு வகை. பெற்றோர் ஒப்புதலும் மாநிலக் கல்வித்துறை அனுமதியும் குலுக்கலுக்கு முன்பே கையில் இருக்கட்டும். குலுக்கல் முடிவு தெரிந்த பிறகு ஒப்புதல் கேட்டால் திட்டப் பள்ளியில் ஆர்வமுள்ள குடும்பங்கள் கூடுதலாகச் சேர்வார்கள்; அந்தச் சாய்வை எந்தப் புள்ளியியலும் பின்னால் சரிசெய்யாது.

மருதம்:
8 பாடவேளையும் நடந்ததா என்பதை யார் பதிவு செய்கிறார்கள்? கேள்வியில் அது இல்லவே இல்லை. ஆசிரியருக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: தேதி, எத்தனை நிமிடம், எந்தப் பயிற்சி விடுபட்டது, எத்தனை பேர் வந்தார்கள். பாடம் முடிந்ததும் இரண்டே நிமிடத்தில் நிரப்பும்படி இருக்கட்டும். பருவக் கடைசியில் மொத்தமாகக் கேட்டால் எல்லாம் "நடந்தது" என்றுதான் வரும். பள்ளிக்கு 2 பாடவேளையாவது நேரில் உட்கார்ந்து பாருங்கள்.

ரீ-எய்ம் சட்டகம் (ஒரு திட்டம் நடைமுறையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று மதிப்பிடும் முறை) 1999 முதல் சொல்லிவருவது இதைத்தான். 40 பள்ளியை அழைத்து 12 சேர்ந்து (30%), பாடங்களில் 80% நடந்து, பிள்ளைகளில் 70% வந்தால், 0.3 × 0.8 × 0.7 = 16.8%. திட்டம் உண்மையில் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான். எத்தனை பள்ளிகள் மறுத்தன, ஏன் என்பதையும் குறித்து வையுங்கள். பலன் இல்லை என்று முடிவு வந்தால், திட்டம் தோற்றதா, நடத்தப்படவே இல்லையா என்று பிரித்துச் சொல்ல இந்தத் தாள்கள் மட்டுமே கைகொடுக்கும்.

தேன்சிட்டு:
மிக்க நன்றி. கருவியையும் குறியீட்டையும் மாற்றிவிடலாம். ஆனால் 6க்கு மேல் பள்ளி கிடைக்காது. பள்ளிக்குள்ளேயே ஒரு வகுப்புக்குத் திட்டம், இன்னொன்று ஒப்பீட்டுக்கு என்று பிரிக்கலாமா?

அளவுகோல்:
பிரிக்கலாம். கணக்குப்படி அது மேல். 6 இணைகள், ஒவ்வொன்றிலும் குலுக்கல், 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64 வழிகள்; மிகக் குறைந்த இருபக்க பி மதிப்பு 2/64 = 0.031. ஆனால் 6 பள்ளியிலும் திட்ட வகுப்பே முந்தினால்தான் அந்த எண் கிடைக்கும்.

அதற்கான விலை, கசிவு: திட்ட வகுப்பின் பாடம் ஒப்பீட்டு வகுப்புக்கும் பரவுவது. இதய நோயைத் தடுக்கப் பின்லாந்தில் நடந்த வட கரேலியாத் திட்டம் 1972இல் தொடங்கியபோது பக்கத்து மாகாணமான குவோபியோவை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். அங்கேயும் இதய நோய் ஆபத்துக் காரணிகள் இறங்கின. செய்தி மாகாண எல்லையோடு நின்றுவிடவில்லை. உங்கள் இரண்டு வகுப்புக்கும் இடையே இருப்பது ஒரு சுவர்தான், இடைவேளையில் அதுவும் இல்லை. எனவே இரண்டுக்கும் வெவ்வேறு ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் மட்டும் இதைச் செய்யுங்கள். பாடத்தில் மட்டும் வரும் இரண்டு மூன்று பயிற்சிகளின் பெயரைச் சொல்லி, "இதைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்று ஜூன் படிவத்தில் ஒப்பீட்டு வகுப்பிடமும் கேளுங்கள். எவ்வளவு கசிந்தது என்று எண்ணாகவே தெரியும். ஒப்பீட்டு வகுப்புக்கு அடுத்த ஆண்டில் அதே பாடத்தைக் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள்; அந்த ஆண்டின் பிப்ரவரி அளவீடு முடியும்வரை தொடங்க வேண்டாம்.

ஆசிரியர் ஒருவரே என்றால் பள்ளிவாரிப் பிரிவினையிலேயே இருங்கள். ஆனால் தலைப்பில் "பலன் மதிப்பீடு" என்று போடாதீர்கள், "நடைமுறைச் சாத்திய ஆய்வு" என்று போடுங்கள். பிரிட்டன் மருத்துவ ஆய்வு மன்றத்தின் 2021 வழிகாட்டி அதைத் தனிக் கட்டமாகவே வைத்திருக்கிறது. உங்கள் 6 பள்ளிகளிலிருந்து கிடைக்கும் ஐசிசி, ஒப்புதல் வீதம், குறியீடு பொருந்திய வீதம் மூன்றையும் அறிக்கையில் அச்சிடுங்கள். அடுத்து 20 பள்ளியில் செய்ய வருபவர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.