கதிரைக் காட்டு, சொல்கிறேன்

(பர்மாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் செய்திக் குழு. சதுர்த்திக்கு முந்தின நாள், காலை 7.10)

தம்பி: (படம்) அத்தை, அருகம்புல் கிடைத்துவிட்டது. ரயில் பாதை ஓரம் நிறைய முளைத்திருக்கிறது. ஒரு கூடை பறித்துவிட்டேன். நாளைக்குப் பிள்ளையாருக்குப் போதும்தானே?

ரங்கூன் அத்தை: சமத்து. ஈரத்துணியில் சுற்றி நிழலில் வை. மழையில் நிற்காதே.

பெகு பெரியப்பா: தம்பி, அது அருகு மாதிரி தெரியவில்லையே. பூத்த தண்டு ஒன்று எடுத்துக் கிட்டத்தில் படம் அனுப்பு.

தம்பி: இலை அப்படியேதானே இருக்கிறது பெரியப்பா?

பெகு பெரியப்பா: இலையை வைத்து எனக்கும் சொல்லத் தெரியாது. கதிரைக் காட்டு, சொல்கிறேன்.

தம்பி: (படம்) இதோ. நாலு விரல் விரித்த மாதிரி இருக்கிறது. அருகுக்கும் இப்படித்தானே இருக்கும்?

பெகு பெரியப்பா: இரண்டுக்கும் விரல் உண்டு. அருகின் விரல் நூல் மாதிரி மெல்லிசு, எல்லா விரலும் ஒரே புள்ளியில் கிளம்பும். உன் படத்தில் ஒரு விரல் மட்டும் மற்றவற்றுக்குக் கொஞ்சம் கீழே தனியாக ஒட்டியிருக்கிறது, பார்த்தாயா? அடித்தண்டு தட்டையாக, வெளுப்பாக இருக்கும். பிடுங்கும்போது சுலபமாக வந்திருக்காதே?

தம்பி: வரவே இல்லை. உள்ளங்கை எரிகிறது.

பெகு பெரியப்பா: அப்படியென்றால் அது காட்டுக் கேழ்வரகு. அருகு தரையோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். இது ஒரே இடத்தில் தூராகப் பிடித்து உட்கார்ந்திருக்கும்.

மோல்மேன் சித்தி: கேழ்வரகா? நம் கேப்பைக்கு உறவா அது?

அக்கா: நெருங்கின உறவு சித்தி. வகுப்பில் போன மாதம்தான் பார்த்தோம். கேப்பைக் கதிரை நினைத்துப் பாருங்கள். அதே விரல்கள்தான், தடித்து உள்பக்கம் மடங்கிக் கை மூடின மாதிரி இருக்கும். கேப்பை பயிரானது எத்தியோப்பியா, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்து மேட்டு நிலங்களில். அதன் மரபில் ஒரு பாதி இந்தப் புல்லின் வழியில் வந்தது.

தம்பி, ஒரு விரலை மட்டும் பிய்த்து வெள்ளைத் தட்டில் வைத்துப் பார். ஒரே பக்கத்தில் இரண்டு வரிசையாக, ஜிப் பல் மாதிரிச் சின்னச் சின்னக் கதிர்கள் இருக்கும். அதற்குப் பெயர் சிறுகதிர். எந்தப் புல்லையும் அடையாளம் காண அதைத்தான் பார்க்க வேண்டும். காட்டுக் கேழ்வரகில் ஒரு சிறுகதிருக்குள் நாலைந்து பூ அடுக்காக இருக்கும். அருகம்புல்லில் ஒரே ஒரு பூதான்.

தம்பி: அடுக்கு தெரிகிறது அக்கா! இத்தனை நாள் புல்லுக்குப் பூவே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

அக்கா: இதழ் இல்லை, அவ்வளவுதான். வாசனையும் நிறமும் காட்டி வண்டைக் கூப்பிட வேண்டியதில்லை, காற்றே மகரந்தத்தைக் கொண்டு போகிறது. பூத்த அருகைக் கிட்டத்தில் பார்த்தால் ஊதா நிறத்தில் துளித் துளியாகத் தெரியும். அது சூல்முடி. காற்றில் வருகிற மகரந்தத்தைப் பிடிக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பெகு பெரியப்பா: இன்னொன்றும் இருக்கிறது, காக்காக்கால் புல். அதற்கும் விரல்தான், ஆனால் குட்டை. படுக்கை வாட்டில் விரியும். விரல் நுனியில் மணி இல்லாமல் முள் மாதிரி மொட்டையாக நீண்டிருக்கும். அதையும் அருகு என்று பறித்துவிடாதே.

(காலை 8.25)

தம்பி: (படம்) கோயில் சுவர் ஓரம். நூல் மாதிரி நாலு விரல், ஒரே புள்ளி. தரையோடு ஓடுகிறது.

பெகு பெரியப்பா: இதுதான் அருகு. பறி.

ரங்கூன் அத்தை: முதலில் பறித்ததை வீணாக்காதே, பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடு. இருபத்தொரு அருகு எண்ணி வை, மிச்சத்தை மாலையாகக் கட்டிக்கொள்ளலாம்.

மோல்மேன் சித்தி: அப்படியே இதையும் சொல்லுங்கள். (படம்) ஆற்றுத் திட்டில் வெள்ளை வெளேரென்று பூக்க ஆரம்பித்திருக்கிறது. அவர் தர்ப்பை என்கிறார், திதிக்கு அறுத்து வைக்கலாமா?

அக்கா: வேண்டாம் சித்தி, அது நாணல். பர்மாக்காரர்கள் காய்ங் என்பார்கள். கொத்து எவ்வளவு பெரிதாக, கிளை கிளையாக விரிந்திருக்கிறது பாருங்கள். அவர் நினைப்பது இங்கே கூரை வேய்கிற புல்லாக இருக்கும். அதன் பூவும் வெள்ளைதான், ஆனால் ஒற்றைத் திரி மாதிரி நெருக்கமாக, பட்டு போல இருக்கும்.

அந்த நாணலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்புக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார்கள். அங்கே கரும்பையும் நாணலையும் இணைத்துத்தான் கோ 205 என்ற ரகம் வந்தது, 1918-இல். கரும்பு சர்க்கரையைத் தந்தது, நாணல் தாங்கும் சக்தியைத் தந்தது.

மோல்மேன் சித்தி: நம் ஊர்ப் பக்கத்தில் நடந்ததா! அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.

(காலை 9.40)

பெகு பெரியப்பா: (படம்) இப்போது என் பங்குக்கு ஒன்று. நம் வயல். நெல் கதிர் விட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இவன் தலை நீட்டிவிட்டான். காட்டுக் குதிரைவாலி. இரண்டு தடவை களை எடுத்தோம், இரண்டு தடவையும் நெல்லுக்குள் நெல்லாக நின்று தப்பித்துவிட்டான். நாற்றங்காலிலேயே நாற்றோடு நாற்றாக வந்து, நாங்களே கையால் நட்டிருக்கிறோம்.

அக்கா: பெரியப்பா, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. தலைமுறை தலைமுறையாகக் களை எடுத்தவர்கள் வித்தியாசமாகத் தெரிந்ததை எல்லாம் பிடுங்கினார்கள். நெல் மாதிரி இருந்தது மட்டும் தப்பி விதை போட்டது. நம் கையே தேர்ந்தெடுத்துத்தான் அது நெல் வேஷம் கட்டியது. வாவிலோவ் என்ற ரஷ்ய அறிஞர் பயிரைப் போல மாறுகிற களைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். நெல்லில் இலை தண்டைப் பிடிக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு நாக்கு இருக்கும், குதிரைவாலிக்கு அது கிடையாது.

பெகு பெரியப்பா: தெரியும் கண்ணு. முழங்கால் சேற்றில், மழையில், ஒவ்வொரு தூராக நாக்கைப் பார்க்க முடியாது. கதிர் வந்தால்தான் பத்தடி தூரத்திலேயே தெரியும். நெல் மணி பக்கவாட்டில் அமுங்கினது, காம்பில் ஒன்றொன்றாக நிற்கும். குதிரைவாலி மணி உருண்டை, கிளையில் நெருக்கி அடுக்கியிருக்கும். சிலதற்கு நீள மீசை, சிலதற்கு மீசையே இருக்காது.

நாலு வருஷத்துக்கு முன் வெளியில் வாங்கிய விதைநெல்லில் காட்டு நெல் கலந்து வந்தது நினைவிருக்கிறதா? அதைத் தூராக இருந்தபோது யாராலும் பிரிக்க முடியவில்லை. கதிர் விட்டதும்தான் சிவந்த மீசை தெரிந்தது. நாங்கள் அறுக்கும் முன்பே மணி உதிர்ந்து மண்ணில் புகுந்துவிட்டது. அரிசியில் சிவப்பு கலந்திருக்கிறது என்று விலையைக் குறைத்துவிட்டார்கள். இன்னும் வருஷா வருஷம் முளைக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

ரங்கூன் அத்தை: அண்ணா, அந்த வருஷம் நீங்கள் சாப்பிடாமல் வரப்பில் உட்கார்ந்திருந்ததை அண்ணி சொல்லி அழுதார்கள்.

தம்பி: பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். குதிரைவாலியைப் பிடுங்கிவிடலாம்.

பெகு பெரியப்பா: வா. விதை முற்றுவதற்குள் எடுக்க வேண்டும், ஒரு தூரிலிருந்தே ஆயிரக்கணக்கில் கொட்டும். சாக்கு கொண்டு வா. பிடுங்கினதை வரப்பில் போடக் கூடாது, வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அக்கா: நானும் வரட்டுமா? என்னிடம் கைலென்ஸ் இருக்கிறது.

பெகு பெரியப்பா: தாராளமாக வா. ஆனால் நெல் பூக்கும்போது ஒரு தடவை தனியாக வர வேண்டும். காலை பத்து மணி வாக்கில் உமி வாய் திறக்கும், கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். வயலுக்குள் இறங்கக் கூடாது, வரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

அக்கா: மற்றப் புல்லில் பெரும்பாலும் மூன்று மகரந்தப்பை, நெல்லில் ஆறு. படத்தில்தான் எண்ணியிருக்கிறேன், நேரில் எண்ணியதில்லை.

பெகு பெரியப்பா: ஆறா? நாற்பது வருஷமாக நடுகிறேன், எண்ணிப் பார்த்ததில்லை. தொண்டைக்கதிர் வந்ததும், அதாவது தண்டுக்குள் கதிர் புடைத்ததும், குழுவில் சொல்கிறேன். அந்த லென்ஸை அன்றைக்கும் எடுத்து வா.