ஃபைட்டர் மீனின் சிறு தொட்டிக்குச் செடியும் துணையும்: எங்கள் அனுபவங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

என் மகள் ஆசைப்பட்டுக் கேட்டதால், நீல நிற ஹாஃப்மூன் ஃபைட்டர் மீன் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். கடையில் அது உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இந்த மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, தலையிலுள்ள லாபிரிந்த் என்னும் உறுப்பின் வழியாகச் சுவாசிக்க வல்லது என்பதால் ஒரு கண்ணாடிக் கிண்ணமே போதும் என்று கடையில் சொன்னார்கள். அதை நம்பி ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். காற்றைச் சுவாசிப்பதால் அதற்கு மூச்சு முட்டாது என்பது உண்மைதான்; ஆனால் அதன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா அந்த இரண்டு லிட்டர் தண்ணீரை விட்டு எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. ஆறாம் நாள் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அது அடியில் படுத்துவிட்ட பிறகுதான், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள தொட்டி ஒன்றையும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் வாங்கினேன். கணக்குப்படி அது 28 லிட்டர் தொட்டி. மணலும் மேலே விட்ட இடைவெளியும் போக ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் நிற்கிறது.

செடி விஷயத்தில் நான் செய்த முதல் தவறு, பராமரிப்பு வேண்டாமே என்று பிளாஸ்டிக் செடிகளை வைத்தது. பத்து நாளில் மீனின் வால் துடுப்பில் இரண்டு கிழிசல்கள் தெரிந்தன. நோய் என்று எண்ணி மருந்து வாங்கப் போனபோது, மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவர், அந்தச் செடியின் மேல் பழைய பட்டுப்புடவைத் துணியை இழுத்துப் பாருங்கள் என்றார். இழை மாட்டிக்கொண்டது. பட்டில் மாட்டுவது அந்த மெல்லிய துடுப்பிலும் மாட்டும் அல்லவா? அன்றே அவற்றை எடுத்துவிட்டு, அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன் என்னும் இரண்டு உயிருள்ள நீர்ச்செடிகளை வாங்கி வந்தேன். இரண்டுக்கும் வெளிச்சம் அதிகம் வேண்டாம், உரம் வேண்டாம். இலையும் வேரும் முளைக்கும் தடித்த தண்டான தண்டுக்கிழங்கை மட்டும் மணலுக்குள் புதைக்கக் கூடாது. நான் புதைத்தேன், அழுகியது. மீதமிருந்த துண்டைத் தையல் நூலால் ஒரு கல்லில் கட்டி வைத்த பிறகு, மாதத்துக்கு ஓர் இலை வீதம் நிதானமாக வளரத் தொடங்கியது. ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தோன்றினால் கலங்க வேண்டாம், அவை வித்துப்பைகள். நான் அவற்றை நோய் என்று நினைத்து நல்ல இலைகள் நான்கை வெட்டி எறிந்தேன், இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

மண்ணில் ஊன்றுவதற்குக் கிரிப்டோகோரைன் வெண்டியை நம்பலாம். ஆனால் இடம் மாறியதும் அதன் இலைகள் கூழாகக் கரைந்து விழும். செடி செத்துவிட்டது என்று பிடுங்காமல், கரைந்த இலைகளை மட்டும் நீக்கிவிட்டுக் காத்திருந்தால், உயிரோடிருக்கும் வேரிலிருந்து புதிய தளிர் வரும். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மேற்பரப்புக்கு சால்வினியா என்னும் மிதக்கும் செடியைப் போட்டிருக்கிறேன். அதன் நிழலில்தான் ஃபைட்டர், முட்டைகளை வைப்பதற்காக வாயால் குமிழி விட்டு நுரைக்கூடு கட்டுகிறது. ஆயினும் மேற்பரப்பு முழுவதையும் மூடவிடக் கூடாது. காற்றை விழுங்க மீனுக்குத் திறந்த நீர் வேண்டும். நான் வாரந்தோறும் பாதியை அள்ளி எடுத்துவிடுகிறேன்.

துணை மீன் என்று நான் முதலில் விட்டவை இரண்டு ஆண் கப்பிகள். விசிறி போன்ற வண்ண வாலோடு நீந்தும் எதையும் ஃபைட்டர் தன் இனத்து ஆணாகவே எடுத்துக்கொள்கிறது என்பதை அன்றிரவே தெரிந்துகொண்டேன். காலையில் ஒரு கப்பியின் வால் பாதி இல்லை. இரண்டையும் உறவினர் வீட்டுப் பெரிய தொட்டிக்கு அனுப்பினேன். இப்போது ஃபைட்டருடன் இருப்பது ஒரு நெரைட் நத்தை மட்டுமே. மகளுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் நீர்மட்டத்தை ஒட்டிய அனுபியாஸ் இலையில் மீன் சாய்ந்து உறங்குவதைப் பார்த்த நாள் முதல் அவள் வேறு மீன் கேட்பதில்லை.

மஞ்சக்குப்பம், கடலூர்

முத்தியால்பேட்டை அண்ணா எழுதியதில் நத்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நெரைட் நத்தையை நான் மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கண்ணாடியில் படியும் பாசியை அது துடைத்தது போல் மேய்ந்துவிடும். நன்னீரில் அதன் முட்டை பொரித்துக் குஞ்சு வளராது என்பதால் பெருகிவிடும் அச்சமில்லை. கற்களின் மேல் வெள்ளை எள் போல ஒட்டிக்கொள்ளும் முட்டைகளை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். செடியோடு ஒட்டி வரும் சிறு நத்தைகள்தாம் பெருகும் வகை. ஆகவே எந்தச் செடியையும் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டே தொட்டியில் இறக்குகிறேன்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, என் கருவியில் 700 வரை காட்டியது. கடின நீரில் ஃபைட்டர் வாழாது என்று பலர் என்னைப் பயமுறுத்தினார்கள். பண்ணையில் பிறந்து வளரும் மீன், மெதுவாகப் பழக்கினால், ஓரளவு கடின நீரை ஏற்றுக்கொள்கிறது. அந்த நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து நத்தையின் ஓட்டுக்கும் நல்லது. நான் ஆர்.ஓ. நீரையும் கிணற்று நீரையும் சரிபாதி கலக்கிறேன். எங்கள் தெருவில் நாட்டுவாதுமை மரம் நிற்கிறது. சிவந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலையாகப் பார்த்து எடுத்துக் கழுவித் தொட்டிக்கு ஒன்று போடுகிறேன். தண்ணீர் வெளிர் தேநீர் நிறமாகும். மீனின் நிறம் அதில் ஆழ்ந்து தெரியும். மருந்து தெளித்த மரமா, சாலைப் புகை படிந்த இலையா என்று பார்த்து எடுப்பது அவசியம்.

செர்ரி இறாலில் எனக்குக் கிடைத்த அனுபவம் இருவிதமானது. சிவப்பு ஃபைட்டர் இருந்த தொட்டியில் பன்னிரண்டு இறால்களை விட்டேன்; பத்து நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே அளவுள்ள அடுத்த தொட்டியில், ஜாவா பாசி (ஜாவா மாஸ்) என்னும் நீர்ச்செடியை முதலில் ஒரு மாதம் அடர்த்தியாக வளர்த்து, அதில் இறால் பழகிய பிறகு கடைசியாக ஃபைட்டரை விட்டேன். அங்கே இறால்கள் குட்டியும் போட்டன. பாதிக் காரணம் பாசி, மீதி அந்த மீனின் குணம் என்றே கருதுகிறேன். மீனுக்கு மருந்து போட நேர்ந்தால், அதில் தாமிரம் இருக்கிறதா என்று பாருங்கள். தாமிரம் இறாலைக் கொன்றுவிடும்.

அரியாங்குப்பம்

எங்கள் ஊர் ஆற்றுக்கும் ஃபைட்டர் மீனின் குடும்பத்துக்கும் ஓர் உறவு இருப்பதை இங்கே பதிய விரும்புகிறேன். 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே பெயரிட்ட ஒரு சிறு மீனின் அறிவியல் பெயரில் வரும் 'குபானஸ்' என்ற சொல், அரியாங்குப்பத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்த மீன் முதலில் அறியப்பட்ட இடம் எங்கள் ஆறு. அதுவும் காற்றைச் சுவாசிப்பது. அதன் ஆணும் நுரைக்கூடு கட்டும். வயல் வாய்க்காலில் பிடித்த அத்தகைய மீன் ஒன்றை, உறவுதானே என்று எண்ணி, என் ஃபைட்டர் தொட்டியில் விட்டேன். உறவாக இருப்பதே பகைக்குக் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. இரண்டும் ஒரே மேல்நீரை, ஒரே கூட்டிடத்தைக் கேட்பவை. கால் மணி நேரத்தில் இரண்டின் செதிலும் பெயர்ந்தது. கௌராமி மீன்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

என்னுடையது இரண்டடித் தொட்டி, 55 லிட்டர். ஒரு ஃபைட்டர், எட்டு எம்பர் டெட்ரா, மணல் தரையில் ஆறு பிக்மி கோரிடோராஸ் (கோரி) என்னும் குட்டிக் கெளுத்திகள் என்று ஓராண்டாக அமைதியாக இருந்தன. டெட்ராக்களையும் கோரிக்களையும் கூட்டமாகவே வாங்க வேண்டும். இரண்டு மூன்று வாங்கினால் அவை அஞ்சி ஒளியும். ஓரடித் தொட்டியில் அந்தக் கூட்டத்துக்கு இடமில்லை என்பதால், முத்தியால்பேட்டை நண்பர் செய்தது சரி.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் 40 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஏர் பம்ப் நின்றது. செடி நிறைய இருப்பதால் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் செடிகள் வெளிச்சத்தில்தான் ஆக்சிஜனை வெளிவிடும். இருட்டில் அவையும் மீன்களைப் போலவே அதை எடுத்துக்கொள்ளும். விளக்கில்லாத, வெயிலும் இல்லாத அந்த இரண்டு நாளில் என் அடர்ந்த செடிகளே டெட்ராக்களுக்குப் போட்டியாகிவிட்டன. இரண்டாம் நாள் விடியலில் டெட்ராக்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். நானும் என் மனைவியும் முறைவைத்து ஊற்றினோம். மூன்று டெட்ராக்கள் இறந்தன. ஃபைட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வப்போது மேலெழுந்து காற்றை விழுங்கும் கோரிக்களும் பிழைத்தன. அதன் பிறகு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன். மின்சாரம் இல்லாத நாளில் தீனி போடுவதில்லை. நம் கடற்கரையில் துணை மீனைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகைப் புயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

நான் இன்னும் மீன் வாங்கவில்லை. ஓரடித் தொட்டி மட்டும் வாங்கியிருக்கிறேன். செடிகளை இப்போதே நட்டுவிடலாமா, அண்ணா? ஊசுட்டேரியில் மிதக்கும் செடிகளைக் கொண்டுவந்து போடலாமா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இப்போதே நடுங்கள், தம்பி. அம்மோனியாவையும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டையும் தீங்கு குறைந்ததாக மாற்றும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சிட்டிகை தீனி போட்டு அதைத் தொடங்கிவைத்தால், அதற்குள் செடிகளும் வேர்பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் இல்லை என்று காட்டிய பிறகு மீனை விடுங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. எந்த ஏரிச் செடியிலும் தட்டான் பூச்சியின் இளம்புழுவும் அட்டையும் வரக்கூடும். தட்டான் புழு சிறு மீனைப் பிடித்துத் தின்னும். தொட்டிக்கு மூடி போட மறக்காதீர்கள், ஃபைட்டர் துள்ளும். என் அனுபியாஸ் இப்போது நீளமாகிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் நான்கு இலை இருக்குமாறு மகள் மூன்றாக வெட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைப் பக்கம் வந்தால் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனால் கடலூர் வரை வாடாது.