போர்க்கப்பல் கட்டுற யார்டுல இருந்த டெல்டா ஆளுங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வேதாரண்யம் வெல்டர்:
யார்டு பேரு வேணாம். ஃபிரிகேட்டுன்னு ஒரு ரகப் போர்க்கப்பல், அதோட டபுள் பாட்டம் டேங்க், அதாவது அடித்தகடு ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற குறுகலான தொட்டி. உள்ள எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். பக்கத்து பைப்புல ஆர்கான் பர்ஜிங் ஓடுது, வெல்டு கெடாம இருக்க பைப்புக்குள்ள காத்தை விரட்டி ஆர்கான் வாயுவை நிரப்புறது. அதுக்கு வாசனை கிடையாது, காத்தைவிட கனம், அடியில தேங்கிக்கும். தகடும் ஹீட் பண்ணி வெச்சது, அனல் தாங்கலை. மீட்டர் கத்துச்சு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ போனா கத்தும்ல. வெளிய ஹோல் வாட்ச் பையன், உள்ள போனவங்களைக் கவனிக்க வாசல்லயே நிக்க வேண்டியவன், இருக்கானேன்னு சுத்தியலால தகட்டைத் தட்டுனேன். பதில் தட்டு வரலை. திரும்பத் தட்டுனேன், ம்ஹும். தவழ்ந்து வெளிய வந்தா ஸ்டூல் மட்டும் இருக்கு, அது மேல பாதி குடிச்ச டீ. எங்க போனான்னு யாரும் சொல்லலை. உங்களுக்கு இப்படி ஆயிருக்கா?

பேரளம் பைப் ஃபிட்டர்:
எனக்கு அது இல்லை. பம்ப் ரூம். பம்பு ரப்பர் மவுண்டு மேல நிக்குது, டிராயிங்ல இருந்தபடி பைப்புக்கு சப்போர்ட் வெல்டு பண்ணியாச்சு. இன்ஸ்பெக்டர் வந்து பம்பை ஓடவிட்டு ஒரு கையை அது மேலயும் இன்னொரு கையை பல்க்ஹெட்லயும் (கப்பலோட தடுப்புச் சுவரு) வெச்சாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. அப்புறம் ஒரே வார்த்தை, "வெட்டு". பம்போட அதிர்வு பைப், அந்த சப்போர்ட் வழியா பாடிக்கு ஏறி, அங்கேர்ந்து தண்ணிக்குள்ள போயிடுமாம். நீர்மூழ்கிக்காரன் சோனார்ல (தண்ணிக்குள்ள சத்தம் கேக்குற கருவி) காதைத் தீட்டிக்கிட்டு இருக்கிறது அந்தச் சத்தத்துக்குத்தான். மனுசன் உள்ளங்கையிலயே கண்டுபிடிச்சாரேன்னு இப்பவும் தோணும்.

மன்னார்குடி ரிட்டயர்டு:
வேதாரண்யம் தம்பி தகட்டை ஹீட் பண்ணதைக் குறை சொல்றது சரியில்லை. போர்க்கப்பலுக்குப் போடுற டி.எம்.ஆர் 249ஏ தகடு சாதா இரும்பு கிடையாது. ஹைதராபாத்ல இருக்கிற டி.எம்.ஆர்.எல்-ங்கிற பாதுகாப்புத்துறை உலோக ஆய்வகம் உருவாக்குனது, அரசு உருக்கு நிறுவனம் செயில் உருட்டிக் கொடுக்குது, விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்துக்கும் இதே ரகம்தான். சூடு பண்ணாம அடிச்சா வெல்டு சட்டுனு குளிரும், ஹைட்ரஜன் உள்ளயே மாட்டிக்கும். அன்னிக்கு நல்லாத்தான் தெரியும், மறுநாள் விரிசல் விட்டு நிக்கும். வெல்டிங் ராடை ஈரம் போக ஓவன்ல சுட்டு, சூட்டுப் பெட்டியிலேர்ந்து ஒண்ணொண்ணா எடுக்கணும். ஐப்பசி மழையில ராடைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டுத் திரியிற பசங்களைப் பார்த்திருக்கேன். இப்ப ஐ.டி.ஐ முடிக்கிறவங்க நேரா சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டாம, திருச்சி டபிள்யூ.ஆர்.ஐ-யில (வெல்டிங் ஆராய்ச்சி நிலையம்) விசாரிச்சு 6ஜி டெஸ்ட்டுக்குத் தயாராகுங்க, சாய்வா நிறுத்துன பைப்பை வெல்டு பண்ற டெஸ்ட்டு அது. கண்ணையும் சோதிச்சுக்கங்க. நானும் கப்பல்ல இருந்தவன்தான், அதை இன்னொரு நாள் சொல்றேன்.

வேதாரண்யம் வெல்டர்:
அண்ணே, நான் ஹீட்டைக் குறை சொல்லவே இல்லை.

அக்கரைப்பேட்டை:
எங்க அப்பா மரப்படகு கட்டுறவரு. சென்னையில பொதுமக்களை ஏத்துனப்போ ஒரு ஃபிரிகேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். மேல்கட்டு ஏன் உள்பக்கமா சாஞ்சிருக்குன்னு ஒரு ஆபீசர் விளக்குனாரு. ரேடார் அலை வந்த வழியே திரும்பாம வேற பக்கம் சிதறணுமாம். அப்பா காதுல வாங்கலை. வெயில் சாய்வா விழுந்த பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்தவரு, தகட்டைத் தடவி, "வங்கு தெரியுதே, பட்டினி கெடந்த மாட்டு விலா மாதிரி"ன்னாரு. வங்குன்னா படகோட உள்பக்க விலாக்கட்டை. ஆபீசர் முன்னாடியே!

மன்னார்குடி ரிட்டயர்டு:
அது பழுது இல்லை. மெல்லிசு தகட்டுல பின்பக்கம் ஸ்டிஃப்னர் (தகட்டைத் தாங்குற பட்டை) வெல்டு ஆறும்போது இழுக்கும். நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, விட்டு விட்டு அடிச்சா குறையும். மிச்சத்தை லைன் ஹீட்டிங் போட்டு, அதாவது கோடு மாதிரி சூடு காட்டி, தண்ணி தெளிச்சு நிமித்துவாங்க. அப்பாகிட்ட சொல்லுங்க.

பேரளம் பைப் ஃபிட்டர்:
அதை விடுங்க, ஆபீசர் என்ன சொன்னாரு?

அக்கரைப்பேட்டை:
சிரிச்சாரு. அப்பாதான் நாகப்பட்டினம் வர்ற வரைக்கும் "எத்தனை மில்லித் தகடா இருக்கும்?"னு என்னைக் கேட்டுக்கிட்டே வந்தாரு.