அப்போஸ்தலர் 27: நல்ல துறைமுகத்தை சார்ட்டில் எங்கே வைப்பது, கப்பல் ஏன் அங்கே தங்கவில்லை?

தாராவி_சண்டேஸ்கூல்:
ஸ்தோத்திரம். மும்பையில் எங்கள் தமிழ்ச் சபைப் பிள்ளைகளுக்காகப் பவுலின் ரோமாபுரிப் பயணத்தில் கிரேத்தா (இன்றைய கிரீட் தீவு) பகுதியை மட்டும் ஒரு சார்ட்டில் வரைகிறோம். 8ஆம் வசனத்தின் நல்ல துறைமுகம் சரியாக எங்கே? ஒதுங்கின கப்பல் மழைகாலம் (அங்கே குளிர்காலம்) முடியும்வரை அங்கேயே ஏன் நிற்கவில்லை? பெரிய பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

கடல்வழி_நெரூல்:
அந்த இடம் இன்றும் காலி லிமெனெஸ் என்ற பேரில் இருக்கிறது: வடக்கு 34°55', கிழக்கு 24°48'. லித்தினோ முனைக்குக் கிழக்கே சுமார் 6 கி.மீ. எதை விட்டாலும் இந்த முனையை விட்டுவிடாதீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

எதிர்க்காற்றில் ஆசியக் கரையின் கினீது பட்டணத்தைத் தாண்டி நேர் மேற்கே போக முடியாமல், கிரேத்தாவின் கிழக்குக் கோடியான சல்மோனே முனையைச் சுற்றித் தீவின் தெற்குப் பக்கம் வந்தார்கள். அங்கே மலைகள் வடமேற்குக் காற்றை மறைத்ததால், கரையை ஒட்டி ஊர்ந்து வர முடிந்தது. லித்தினோவைத் தாண்டினதும் கரை சட்டென்று வடக்கே விலகி, மெசாரா வளைகுடா திறந்துவிடும். மறைப்பு போய், காற்று முகத்தில் அடிக்கும். சதுரப் பாய் கட்டிய சரக்குக் கப்பல் அதை எதிர்த்து ஏறாது. காற்று மாறக் காத்திருப்பதற்குக் கடைசி இடம் இதுதான்.

ஆனால் மாதக்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடக்க ஏற்றதல்ல. வடக்கை மலை காக்கிறது, தெற்கே சிறு தீவுகள் அலையை ஓரளவு உடைக்கின்றன. கிழக்கு திறந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்கு மும்பைத் துறைமுகத்தைக் காட்டுங்கள்: அது தீவின் கிழக்குப் பக்கம் இருப்பதால் ஜூன் மாதத் தென்மேற்குக் காற்றுக்கு நகரமே மதில். துறைமுகம் நல்லதா என்பது எந்தத் திசைக் காற்று என்பதைப் பொறுத்தது.

வேத_ஆராய்ச்சி_சயான்:
காலத்தையும் சேருங்கள். 9ஆம் வசனத்து உபவாசநாள் யூதரின் பாவநிவாரண நாள். கி.பி. 59 என்று வைத்தால் அது அக்டோபர் 5 வாக்கில் வரும். ரோமர் வழக்கில் செப்டம்பர் பாதிக்குமேல் கடல் ஆபத்து. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை பயணமே இல்லை. கப்பலில் 276 பேர். பக்கத்து லசேயாவோ சிறிய பட்டணம். பவுல் எச்சரித்தும் மாலுமியும் கப்பல் எஜமானும் வேறிடம் தேடினதை வெறும் பிடிவாதமாக மட்டும் சொல்லிக்கொடுப்பது நியாயமில்லை. போக நினைத்த பேனிக்ஸ் துறைமுகம் அதே தீவில் மேற்கே 40 கடல் மைல்தான். நல்ல தென்றல் கிடைத்தால் ஒரு பகல் ஓட்டம்.

கடல்வழி_நெரூல்:
அளவு: 1 செ.மீ.க்கு 5 கி.மீ. கிரேத்தா 260 கி.மீ. நீளம், 52 செ.மீ.யில் அடங்கும். துறைமுகத்துக்கும் முனைக்கும் நடுவே 1 செ.மீ.க்குச் சற்று அதிகம். பேனிக்ஸுக்கு 15 செ.மீ. பேனிக்ஸை இன்றைய லூத்ரோ பக்கம் வையுங்கள். அதற்கு நேர் தெற்கே கிலவுதா என்ற சின்னத் தீவு, இன்றைய காவ்தோஸ்.

காற்றுக்கு மூன்று அம்பு, மூன்று நிறம். வடமேற்கிலிருந்து ஒன்று, 13ஆம் வசனத்துத் தென்றல் ஒன்று. மூன்றாவது யூரோக்கிலிதோன், கப்பலை அடித்துக்கொண்டுபோன 14ஆம் வசனத்துக் கடுங்காற்று. பலர் இதைக் கடலிலிருந்து கரைக்கு வருவதுபோல் வரைகிறார்கள். அப்படி வரைந்தால் கப்பல் கிரேத்தாவிலேயே மோதியிருக்கும். வடகிழக்கிலிருந்து, தீவின் மலைகளைத் தாண்டிக் கடலுக்குள் இறங்குவதாக வரையுங்கள். கப்பல் கிலவுதாவின் தெற்குப் பக்கம் போய் ஒதுங்கினது அப்போதுதான் பொருந்தும்.